கும்பிடுகிற குதிரை

எங்கள் குதிரை சாமி கும்பிடுகிறது என்று ஊரில் பேர் பரவியிருந்தது எனக்குத் தெரியாது. சென்னையில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவன், கோடை லீவுக்குத்தான் மறுபடி காஞ்சிபுரம் வந்து இறங்கினேன். ரயிலடியில் அப்பாவின் ஜட்கா நின்றிருந்தது. என்னைக் கண்டால் பெட்டியை வாங்கி வைக்கோலுக்குள் தள்ளிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு அதெல்லாம் இல்லை. பொங்கிவந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முன்னாடி என் பக்கத்துல குந்து. ஒண்ணு காட்றேன்" என்றார்.

வண்டிக்குள் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். சென்னைப் பக்கத்து ஆட்கள். அப்பா நாக்கைச் சொடுக்கினார். ரயில் வருவதற்காக வெகுநேரம் நின்றிருந்த குதிரை முதல் அடி எடுத்து வைத்தது. உடனே அதன் தலை தாழ்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி தாழ்ந்தது. தூரத்தில் சிவன் கோயிலின் ராஜகோபுரம் தெரிந்துகொண்டிருந்தது.

"பாருங்களேன், பாருங்களேன். சொன்னாங்களே, அதே குதிரைதான்" என்று உள்ளேயிருந்த அம்மாள் கைகூப்பினாள். அவள் வீட்டுக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"பாத்தியாடா?" என்று அப்பா என் தொடையில் தட்டினார். "மாசியில இருந்து இப்படித்தான். கோபுரம் தெரிஞ்சாப் போதும். நான் ஒண்ணும் பழக்கலை. அவளா பண்றா."

நான் தலையைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது முன்கால் தரையில் படும்போது தலை தாழ்ந்தது. இடது முன்கால் படும்போது வெடுக்கென்று நிமிர்ந்தது. வலது, தாழ்வு. இடது, நிமிர்வு. தெருமுனை திரும்புகிறவரை அப்படியே. அதற்குப் பிறகு நடை சீராகி, தலை அசையாமல் நின்றுவிட்டது.

லீவு விடுவதற்குச் சில வாரம் முன்புதான் எங்கள் பேராசிரியர் ஒரு போலீஸ் குதிரையைக் கல்லூரி முற்றத்தில் ஓடவிட்டுக் காட்டியிருந்தார். முன்னங்காலில் வலி உள்ள குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கிக்கொள்ளும், பாரத்தைக் குறைப்பதற்காக. நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். பார்க்கிறவன் கண்ணுக்கு அது தலையாட்டுவது போல இருக்கும். "தலையாட்டுதுன்னு தட்டிக் குடுத்துட்டுப் போயிடாதீங்கடா" என்று சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்தார். நானும் சிரித்தேன்.

தம்பதியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். அப்பா குதிரையை அவிழ்த்துப் புங்கமரத்தில் கட்டினார். அவர் அதற்குப் பேர் எதுவும் வைக்கவில்லை. பொண்ணு என்றுதான் கூப்பிடுவார். நின்ற இடத்திலும் அது சும்மா நிற்கவில்லை. இடது காலைச் சற்று முன்னே நீட்டும், இழுக்கும், மறுபடி நீட்டும். நானும் அதைப் பார்த்தபடி முற்றத்தில் இப்படியும் அப்படியுமாக நடந்தேன். சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து போய் அதன் முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். இடது முட்டி முன்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. அழுத்தினால் உள்ளே நீர் நகர்வது விரலுக்குத் தெரிந்தது.

"நைனா" என்றேன். "பொண்ணு கும்புடலை. நொண்டுது."

வாளியோடு வந்துகொண்டிருந்தவர் நின்றார். "போய் வாயக் கழுவு."

"இடது முட்டி. உள்ளே தேஞ்சிருக்கும்னு தோணுது."

"தோணுதா? தோணுறதுக்கா உன்னப் பட்டணத்துல படிக்க வெச்சேன்?"

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குதிரையின் நெற்றியில் குங்குமம் வைக்கத் தொடங்கியிருந்தாள். "நொண்டின்னா நாள் பூரா நொண்டணுமில்லடா? இது கோபுரத்தக் கண்டா மட்டும்தானே பண்ணுது? அப்பறம் ஜோரா ஓடுதே" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். யாத்திரைக்காரர்கள் கோயிலுக்குள் போய்விட்டு வரும்வரை வண்டி வாசலில் நிற்கிறது. ரயிலடியிலும் அப்படித்தான். நிற்கும்போது தேய்ந்த மூட்டு இறுகிப்போகிறது. கிளம்பும்போது வலிக்கிறது. கொஞ்சதூரம் ஓடினால் சூடேறி இளகிக்கொள்கிறது. ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்று பாடத்தில் வரும் மூட்டுத் தேய்வின் குணமே இதுதான். இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு வைக்கிறவர். நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அவர் முகத்தில் ஒரு பெருமை வரும், கூடவே ஒரு சந்தேகமும் வரும். அன்றைக்குச் சந்தேகம் மட்டும்தான் இருந்தது.

"நாளைக்குக் காட்றேன்" என்றேன்.

மறுநாள் கோயில் வாசலில் வண்டியைக் கோபுரத்துக்கு முதுகு காட்டி நிறுத்தச் சொன்னேன். அப்பா முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். சவாரிக்காரர்கள் தரிசனம் முடித்து வந்து ஏறினார்கள். வண்டி கிளம்பியது. எதிரே இருந்தது ஒரு சைக்கிள் கடை. குதிரை சைக்கிள் கடையைப் பார்த்து ஒழுங்காகத் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி வணங்கிக்கொண்டு போனது.

"பாத்தீங்களா நைனா? கோபுரமே இல்லை."

வீட்டில் அம்மாதான் பதில் சொன்னாள். "அந்த சைக்கிள் கடைக்குப் பின்னால அம்மன் கோயில் இருக்குதேடா. இந்த ஊர்ல எந்தப் பக்கம் திரும்பினா சாமி இல்லை?"

உண்மையிலேயே இந்த ஊரில் கோயில் இல்லாத திசை கிடையாது. ஒரு குதிரை கும்பிடவில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் அதை வாலாஜாபாத் தாண்டிக் கொண்டுபோய்த்தான் காட்ட வேண்டும். அங்கேயும் ஒரு பிள்ளையார் இருப்பார்.

ஜட்கா ஸ்டாண்டில் அப்பாவுக்கு நெடுநாள் கூட்டாளி ஒருவர் உண்டு. பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இரண்டு குதிரை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டிக் குதிரை காதை விறைத்தது.

"அரே, டாக்டர் சாப்! போன வாரம் எங்க மசூதி முன்னாடிகூட தலையாட்டிச்சு. சலாம் வெக்குதுன்னு நான் எங்க வூட்ல போய்ச் சொல்லியாச்சு. இப்ப வந்து வலின்றியே."

"உனக்கு இன்னா தோணுது பாய்? நீயே சொல்லு" என்றார் அப்பா.

பாய் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு இன்னா தோணும்? நீ சவாரி மேல சவாரி அடிக்கிற. நான் ஈ ஓட்டிக்கினு இருக்கேன். என் குதிரைக்கும் இந்த வலி வந்தாத் தேவலைன்னு தோணுது."

அப்பாவும் சிரித்துவிட்டார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வைகாசி கருடசேவை நெருங்கிக்கொண்டிருந்தது. பெருமாள் கோயிலுக்கு விடியற்காலையிலேயே ரயிலும் பஸ்ஸுமாகக் கூட்டம் வந்து இறங்கும். ஜட்காக்காரர்களுக்கு வருஷத்தில் அதுபோல ஒரு நாள் கிடையாது. கும்பிடுகிற குதிரைதான் வேண்டும் என்று சென்னையில் ஒரு குடும்பம் ஆள்விட்டுச் சொல்லி வைத்திருந்தது. அந்த நாள் முழுக்கக் கல்பாவிய தெருவில், வண்டி நிறைய ஆளோடு அந்த முட்டி ஓடினால் அதற்குப் பிறகு குதிரை எழுந்து நிற்குமா என்பதே எனக்குப் பயமாக இருந்தது. அதே நேரம் இன்னொரு பயமும் இருந்தது. நான் தப்பாகப் பார்த்திருந்தால்? வெறும் சுளுக்காக இருந்தால்? மூன்றாம் வருஷம் படிக்கிறவன், ஒரு போலீஸ் குதிரையைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவின் பிழைப்பில் கை வைக்கிறேனோ? சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏனாத்தூர்ப் பக்கம் காரணமில்லாமல் போய்விட்டு வந்தேன். திரும்பி வந்து மறுபடி முட்டியைத் தொட்டேன். பாடப்புத்தகத்தைத் திறந்தேன். மூடினேன்.

அந்தப் புத்தகத்தில்தான் ஒரு வழி இருந்தது. மூட்டுக்குள் கொழகொழவென்று ஒரு நீர் இருக்கிறது. எலும்போடு எலும்பு உரசாமல் வழுக்கிக்கொண்டு போவதற்கான நீர். மூட்டு கெடத் தொடங்கினால் அந்த நீரும் கெடும். ஊசியால் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கிடையில் இழுத்துப் பார்த்தால், நல்ல நீர் இழையாக நீளும். கெட்ட நீர் சீக்கிரம் அறுந்துவிடும். நீர் கலந்த அசிட்டிக் ஆசிடில் விட்டால், நல்ல நீர் திரண்டு உருண்டையாக நிற்கும். கெட்டது பிசிர் பிசிராகப் போய்விடும். வெளியே தெரிகிற நடையை எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். உள்ளே இருக்கிற நீருக்குக் கோபுரம் தெரியாது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். மை படிந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதை அச்சுல இருந்து வழிச்சு எடுத்துட்டா வண்டி ஓடுமா? அவ காலுக்குள்ள இருக்கற எண்ணெய எடுக்கறேன்றியே."

"துளிதான் நைனா. திரும்ப ஊறிடும்."

"ஊறலைன்னா?"

பாய்தான் நடுவில் புகுந்தார். "எடுத்துப் பாத்துடு அண்ணே. சாமி குதிரைன்னா ஊசி ஒண்ணும் பண்ணாது. இல்லைன்னா தெரிஞ்சிபோவுது. புள்ள தூங்கவே மாட்டேங்குது, மூஞ்சியப் பாரு."

அப்பா நெடுநேரம் மை தடவிக்கொண்டிருந்தார். பிறகு சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரே ஒரு ஊசி. கவர்மெண்ட் டாக்டர் கையால. தண்ணி நல்லா இருந்துச்சுன்னா, பொண்ணப்பத்தி நீ அப்பறம் வாயே தொறக்கக் கூடாது."

"கெட்டிருந்தா?"

"கெட்டிருந்தா கருடசேவைக்கு அவளப் பூட்டலை. போதுமா?"

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டருக்கு மாடும் ஆடும்தான் பழக்கம். குதிரை முட்டியில் ஊசி என்றதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடையப் பாத்தாலே தெரியுதேப்பா. எதுக்கு இது?" என்று என்னிடம் கேட்டார். அப்பாவின் பக்கம் கண்ணைக் காட்டினேன். டாக்டர் புரிந்துகொண்டார். "படிக்கிற காலத்துல ஒரே ஒரு தடவை பண்ணியிருக்கேன். உன் புஸ்தகத்தைக் குடு" என்றார். ஊசியும் சிரிஞ்சும் கொதித்துக்கொண்டிருக்கும்போது புத்தகத்திலிருந்த படத்தை இரண்டு பேருமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அழுக்குப் படாமல் எடுக்க வேண்டும். கிருமி உள்ளே போனால் உள்ள முட்டியும் போய்விடும். டாக்டர் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

முட்டியை மடக்கிப் பிடித்தால்தான் ஊசி போக இடம் கிடைக்கும். அப்பா குனிந்து இடது காலைத் தொட்டார். தொட்ட மாத்திரத்தில் குதிரை காலைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டது.

"பாத்தீங்களா சார், எப்படிக் குடுக்கறா?" என்றார் அப்பா. "தங்கம் சார். லாடம் அடிக்கிறவன்தான் இவளத் திமிர் புடிச்சவன்னு திட்டுவான். ஒரு காலு குடுப்பா, ஒரு காலு குடுக்க மாட்டான்னு."

மயிரை மழித்து, டிங்சர் தடவி, டாக்டர் ஊசியை இறக்கினார். குதிரையின் தோல் ஒருமுறை சிலிர்த்தது. சிரிஞ்சில் இளமஞ்சளாக நீர் ஏறியது. எனக்கு மூச்சு வந்தது. சீழ் இல்லை, கலங்கல் இல்லை. கண்ணாடிக் குழாயில் விட்டுவிட்டு, ஒரு துளியை என் கட்டைவிரலில் வைத்து ஆள்காட்டி விரலால் தொட்டு மெல்லப் பிரித்தேன். கல்லூரியில் நல்ல குதிரையின் நீரை இப்படி இழுத்தபோது அது அறாமல் விரலோடு வந்தது. இது கொஞ்சம் வந்தது. அறுந்தது. மறுபடி தொட்டு இழுத்தேன். மறுபடி அறுந்தது.

"அறுந்துடுச்சு நைனா."

"இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கினு நெய்ய வேண்டியதுதானே" என்றார் அப்பா. ஆனால் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஆசிட். ஆஸ்பத்திரிப் புட்டியைத் திறந்தால் அடியில் உப்புப் போலக் காய்ந்திருந்தது. குழாயை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு சைக்கிளில் பறந்தேன். காஞ்சிபுரத்தில் அசிட்டிக் ஆசிட் எங்கே இருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. பட்டுக்குச் சாயம் ஏற்றுகிற பட்டறையில் இருக்கும். நான் போனபோது சாயக்காரர் கழியில் அரக்கு நிறப் பட்டுநூல் சிட்டங்களைக் கொதிக்கும் தொட்டிக்குள் புரட்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரை சிவப்பு.

"கொஞ்சம் ஆசிட் வேணும்ணே. குதிரைக்கு."

"குதிரைக்கா?" கழியை நிறுத்தினார். "ஏம்பா, கும்புடுற குதிரைக்கு அரக்குச் சாயமும் போட்டு, கருடசேவைக்கு ஜரிகை வேற கட்டப் போறீங்களா?"

விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அவர் சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார். அதை மடியில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். டாக்டர் அதில் தண்ணீர் கலந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினார். நான் குழாயிலிருந்து நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

கிண்ணத்தில் இருந்தது மெல்லச் சிவந்தது.

"ரத்தம்!" என்று அப்பா ஒரு எட்டு முன்னால் வந்தார். "சார், ரத்தம் சார்! காலுக்குள்ள இன்னா பண்ணீங்க?"

டாக்டர் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே அடியில் அரக்குச் சாயத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது; ஆசிடோடு கிண்ணத்தில் விழுந்த ஒரு துகள்தான் கரைந்து சிவந்திருந்தது. "ரத்தம் இல்லைய்யா. பட்டுப் புடவை" என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

சிவப்புக்குள் மூட்டுநீர் திரிந்தது. உருண்டையாக நிற்கவில்லை. ஓரமெல்லாம் பிசிராகப் பிரிந்தது. ஆனால் முழுக்கப் பிரியவும் இல்லை. நடுவில் மெத்தென்று ஒரு கட்டி மிதந்தது. நல்லது என்றும் சொல்ல முடியாது, முற்றிலும் கெட்டது என்றும் சொல்ல முடியாது. குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன், கிண்ணத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். சாயம் கலந்த ஆசிட் வேறு. எதை நம்புவது? டாக்டர், "தேய்வு ஆரம்பம் மாதிரிதான் தெரியுது" என்று இழுத்தார்.

"மாதிரியா?" என்றார் அப்பா. அவர் குரல் ஏறியது. "அந்தக் காலு நல்ல காலுதானே? அதுலயும் எடுங்க. இதே ஆசிட்ல போடுங்க. இந்தப் பொண்ணுக்கே உண்டான பதம் இதுதானோ என்னமோ? ரெண்டும் ஒண்ணா இருக்கும் பாருங்க."

நல்ல காலின் நீரோடு ஒப்பிட வேண்டும் என்று புத்தகத்திலும் இருந்தது. ஒரே ஒரு ஊசி என்று வாக்குக் கொடுத்துவிட்டதால் நான் கேட்கவில்லை. இப்போது அவரே கேட்டார், என்னைத் தோற்கடிக்க. எனக்குச் சந்தோஷமாகவும் நடுக்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்துவிட்டால்? இரண்டாவது ஊசி கொதித்தது. இரண்டாவது குழாயைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா குனிந்து வலது காலைத் தொட்டார். குதிரை கொடுக்கவில்லை.

"இன்னாடி? குடு" என்று தட்டினார். கொடுக்கவில்லை. தோளால் முட்டுக்கொடுத்துக் காலைத் தூக்கினார். தூக்கிய மறுகணம் பறித்துக்கொண்டு கீழே ஊன்றியது. "பொண்ணு, இன்னா இது? சார் நிக்கிறாரு பாரு." மறுபடி தூக்கினார். இந்தமுறை விடவில்லை. வலது கால் அவர் கையில் இருந்ததால், முன்பாரம் அத்தனையும் இடது காலில் இறங்கியது. அந்த இடது முட்டி நடுங்குவதை நான் பார்த்தேன். குதிரை ஒரு நொடி நின்றது. பிறகு பாரத்தைக் காலில் வைக்க மாட்டாமல் அப்பாவின் முதுகின்மேல் சாய்ந்தது. அவர் கால்கள் தள்ளாடின. குதிரையின் மோவாய் அவர் முதுகில் அழுந்தியிருந்தது. அதன் மூக்கிலிருந்து வந்த சத்தம் கனைப்பு இல்லை, வேறு ஏதோ.

"விட்டுடுங்க" என்றார் டாக்டர்.

அப்பா காலை விட்டார். அவசரமாக விடவில்லை, குளம்பு தரையில் படும்வரை கையாலேயே கொண்டுபோய் வைத்தார். வைத்தபின்னும் எழுந்திருக்கவில்லை. குந்தினபடியே இடது முட்டியை, நான் அத்தனை நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்த அந்தப் புடைப்பை, உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"லாடக்காரனுக்கு அந்தக் கால அவ குடுக்காதது இதனாலதான்" என்றார், யாரிடமும் இல்லாமல். "திமிருன்னு நெனச்சேன்."

"ரெண்டாவது ஊசி வேண்டாம்ப்பா" என்று டாக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "தேஞ்சது வளராது. ஓய்வு குடுத்தா வலி அடங்கும். பாரம் கூடாது. மெத்துத் தரையா இருந்தா நல்லது."

என் கையில் இருந்த இரண்டாவது குழாய் காலியாகவே இருந்தது. என் சோதனை பாதியில் நின்றுபோனது. பேராசிரியரிடம் சொன்னால் இது சோதனையே இல்லை என்பார். நான் ஜெயித்துவிட்டேனா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

வெளியே வண்டி பூட்டாமல் நின்றிருந்தது. குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துவார், பூட்டுவார் என்று பார்த்தேன். அப்பா கயிற்றை என் கையில் கொடுத்தார். "நீ அவளப் புடிச்சிக்கினு மெதுவா வா." தான் போய் வண்டியின் இரண்டு ஏர்க்காலுக்கும் நடுவில் நின்று, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இழுக்கத் தொடங்கினார்.

ஸ்டாண்டைத் தாண்டும்போது பாய் எழுந்து நின்றுவிட்டார். "இன்னா அண்ணே இது? சவாரிக்கு எம்மாம் துட்டு கேக்கற?" என்று கத்தினார். அப்பா இழுத்துக்கொண்டே போனார். பாய் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து வண்டியின் பின்னால் கைவைத்துத் தள்ளினார்.

ராஜகோபுரத்தின் எதிரே அப்பா நின்றார். எப்போதும் அங்கே சாட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிடுவார். இப்போது இரண்டு கையும் ஏர்க்காலில் இருந்தன. தலையை மட்டும் தாழ்த்தினார். நிமிர்ந்து மறுபடி இழுத்தார். என் பக்கத்தில் குதிரையும் முதலடி எடுத்து வைத்துத் தலையைத் தாழ்த்தியது. தெருவோரத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனாள்.

"இன்னுமா வெக்கிற? அது வலின்னுதானே சொன்னேன்?" என்றேன்.

"வலியில கும்புட்டா கும்புடு இல்லையா? நாங்க மட்டும் எதுக்குடா போய்க் கும்புடறோம்?" என்று சொல்லி, நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டுக் குங்குமம் வைத்தாள்.

கருடசேவை அன்றைக்குப் பாய் தன் இரண்டாவது குதிரையை அப்பாவுக்குப் பூட்டிக் கொடுத்தார். தலையை அசைக்கவே தெரியாத, எதையும் கண்டுகொள்ளாத ஒரு கிழட்டுக் குதிரை. விடியற்காலை ரயிலில் சென்னைக் குடும்பம் வந்து இறங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியம்மா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏம்பா, கும்புடுற குதிரைன்னு சொன்னாங்களே, இதுவா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். கிழட்டுக் குதிரையையே காட்டி ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்த இருட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. பக்கத்து வண்டிக்காரர்கள்கூட அதைத்தான் சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்கள்.

"இது இல்லம்மா" என்றார் அப்பா. "அவ வூட்ல இருக்கறா. கும்புடலம்மா அவ. முட்டி வலி. வலியில தலையாட்டினா, நாங்கதான் கும்புடறான்னு சொல்லிக்கினு இருந்தோம். எம் புள்ள டாக்டருக்குப் படிக்குது, அதுதான் கண்டுபுடிச்சுது."

அந்த அம்மாள் வேறு வண்டிக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். பின்படியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறுகாலைத் தூக்க முடியாமல், "அப்பாடி, அம்மாடி" என்று முனகினாள். "எனக்கும் ரெண்டு வருஷமா இதே எழவுதாம்பா. எந்தக் காலுன்ன? இடதா? எனக்கும் இடதுதான். கை குடு."

அப்பா கை கொடுத்து ஏற்றினார். அவள் உள்ளே உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டே, "முன்னாடி உக்காந்திருக்கிறதுதான் டாக்டர் புள்ளையா? ஏம்ப்பா, அந்தக் குதிரைக்கு என்ன மருந்து குடுக்கறீங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஓய்வுதாம்மா" என்றேன்.

"அது எனக்கு யாரு குடுப்பா?" என்றாள். வண்டி பெருமாள் கோயில் பக்கம் கிளம்பியது. பாயின் குதிரை எதையும் கும்பிடாமல் நேராகப் போனது.